மறைந்து வளரும் கணையப் புற்று

பழந்தமிழ் நூல்களில் கணையமரம் என்பது கோட்டை வாயிலைக் காக்கக் குறுக்காக இடப்பட்ட பெருமரத்தைக் குறிக்கும். மனித உடலில், இரைப்பைக்குப் பின்னும் முதுகெலும்புக்கு முன்னும் குறுக்காகக் கிடக்கும் ஓர் உறுப்பு இன்று கணையம் என வழங்கப்பெறுகிறது. அது கிடக்கும் நிலைக்கு இப்பெயர் நன்கு பொருந்துகிறது. கிரேக்கர் அதற்கு 'முழுதும் ஊன்' என்று பொருள்படும் பெயரை இட்டனர். எலும்பும் குருத்தெலும்பும் இல்லாத வெறுஞ்சதை என்பதற்கு மேல் அவர்களுக்கு அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கணையம் ஏறத்தாழ 15 செண்டிமீட்டர் நீளமுள்ளது. எடை 100 கிராம் அளவே. அதன் தலைப்பகுதி, முன்சிறுகுடல் வளைந்து அமைக்கும் மடியிலே பொதிந்திருக்கிறது. வாற்பகுதி இடப்பக்கம் நீண்டு மண்ணீரலை எட்டுகிறது. கல்லீரலிலிருந்து பித்தத்தைக் கொண்டுவரும் குழாய், குடலை அடையுமுன் கணையத்தின் தலையை ஊடுருவிச் செல்கிறது. குடலுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருங்குழாயும், குடலிலிருந்து இரத்தத்தைக் கல்லீரலுக்கு ஏற்றும் பெருங்குழாயும் அதனை ஒட்டியே ஓடுகின்றன. பின்புறத்தில் நரம்புப் பின்னல் ஒன்று இருக்கிறது. இந்த இட அமைப்பை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் நன்று. பின்னர் வரும் செய்திகள் பலவற்றுக்கும் இதுவே காரணம். மருத்துவர் வயிற்றின்மேல் கைவைத்து அழுத்திப் பார்த்தால் கல்லீரல் வீக்கம் தெரியும். மண்ணீரல் வீக்கமும் தெரியும். கணையம் கைக்கு எட்டுவதில்லை.

இவ்வுறுப்பில் தோன்றும் புற்றுநோய் உலக மருத்துவத்தைத் தலைகுனிய வைத்திருக்கும் நோய்களுள் ஒன்று. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5 இலட்சத்து 10 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 4 இலட்சத்து 67 ஆயிரம் பேர். வந்தோர் தொகையும் மாண்டோர் தொகையும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய்கள் மிகச் சிலவே. அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, நோய் கண்ட நூறு பேரில் ஐந்தாண்டு கழித்து உயிரோடிருப்போர் 13 பேர். நோய் கணையத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டும் தனியே எடுத்தால் அத்தொகை 44 ஆகிறது. தொலைவான உறுப்புக்களுக்குப் பரவிய பின் கண்டவர்களில் அது 3 ஆகச் சுருங்குகிறது. நோய் ஒன்றே; வேறுபாடு, கண்ட காலத்தில் இருக்கிறது.

பொதுமக்கள் இதனை மின்னல் வேகத்தில் வரும் நோய் என எண்ணுகின்றனர். "போன தீபாவளிக்கு நன்றாகத்தானே இருந்தார்" என்று துயர வீட்டில் பேசிக்கொள்வது எங்கும் கேட்கும் பேச்சு. மருத்துவர்களே நெடுங்காலம் அவ்வாறுதான் கருதினர். ஆனால் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் வேறொரு வரலாற்றைக் கூறுகின்றன.

இரு தொழில், இரு புற்று

கணையம் இரு தொழில்களைச் செய்கிறது. முதலாவது, உணவைச் செரிக்கவைக்கும் நீரைச் சுரத்தல். நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீர் அதில் சுரந்து, சிறு குழாய்கள் வழியே பெருங்குழாயில் கூடிக் குடலில் இறங்குகிறது. இப்பெருங்குழாயை முதன்முதல் கண்டு வரைந்தவர் யோஹான் கியோர்க் விர்சுங் என்னும் செருமானியர். 1642இல் இத்தாலியின் பாதுவா நகரில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது அதனைக் கண்டார். அக்குழாய் எதற்காக இருக்கிறது என்பது அவருக்குப் புலப்படவில்லை. அடுத்த ஆண்டே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குழாய்க்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாவது தொழில் இன்சுலின் முதலியவற்றை நேரே இரத்தத்தில் கலப்பது. இதனைச் செய்வன, கணையத்தினுள் தீவுகளைப்போல் ஆங்காங்கே கிடக்கும் உயிரணுத் திட்டுக்கள். பெர்லினில் மாணவராயிருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ் 1869இல் அவற்றை விவரித்தார். 1921இல் தொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர்.

இவ்விரு பகுதிகளிலும் புற்று தோன்றுவதுண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தீவுகளைச் சார்ந்து தோன்றுவது பெரும்பாலும் மெல்ல நடப்பது, ஆண்டுக்கணக்கில் வாழவிடுவது. 2011இல் மறைந்த ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்தது இவ்வகை. செய்தித்தாள்கள் இரண்டையும் ஒரே பெயரால் எழுதியதால் மக்களிடையே குழப்பம் மிகுந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட கணையப் புற்றுக்கள், செரிமான நீர் ஓடும் குழாயின் உட்சுவரில் பிறப்பவையே. இனி இங்குப் பேசப்படுவது அவ்வகையே.

குழாயின் உட்சுவரில்

குழாயின் உட்புறத்தை ஒரே வரிசையாக நின்று மூடியிருக்கும் உயிரணுக்கள் சிறியவை, ஒழுங்கானவை. ஒவ்வொன்றிலும் 'கே-ராஸ்' என்னும் மரபணு ஒன்று உண்டு. அது ஆக்கும் புரதம் ஒரு விசையைப்போல் வேலை செய்கிறது. வெளியிலிருந்து 'வளர்க' என்னும் ஆணை வந்தால் விசை ஏறும். வேலை முடிந்ததும் தானே இறங்கும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து பிறழ்ந்தாற் போதும். புரதத்தின் பன்னிரண்டாம் இடத்திலுள்ள கிளைசின் மாறி, அவ்விடத்தில் வேறோர் அமினோ அமிலம் வந்து அமரும். பிறகு விசை ஏறியபடியே நிற்கும், இறங்காது. ஆணை வராமலே அவ்வுயிரணு வளர்ந்து பெருகும். கணையக் குழாய்ப் புற்றுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் இப்பிறழ்ச்சி காணப்படுகிறது. வேறெந்தப் பெரும் புற்றுநோயிலும் ஒரே மரபணு இத்துணை ஆட்சி செலுத்தக் காணோம்.

ஆயினும் இப்பிறழ்ச்சி ஒன்றினாலேயே புற்று பிறந்துவிடுவதில்லை. வேறு நோயால் இறந்த முதியோர் பலரின் கணையத்தை நுண்பெருக்கியில் பார்த்தால், உயிரணுக்கள் சற்றே நெடிதாகி, வரிசை மடிப்பு விழுந்த சிறு சிறு இடங்கள் தென்படுகின்றன. இவை முதற்படி மாற்றங்கள். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒருநாளும் புற்றாவதில்லை. அம்மனிதரோடு அமைதியாக இருந்து அவரோடே மறைகின்றன. மிகச் சிலவே மேலும் கெடுகின்றன. அப்போது உயிரணுப் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் காவல் மரபணுக்கள் ஒவ்வொன்றாய் அழிகின்றன. 'பி16' என்னும் புரதத்தை ஆக்கும் மரபணு முன்னதாகவும், 'பி53', 'ஸ்மாட்4' என்பவை பின்னதாகவும் கெடுதல் பெருவழக்கு. உயிரணுக்கள் ஒழுங்கிழந்து குழாயினுள் குவிகின்றன. எனினும் சுவரைத் துளைத்து வெளியேறவில்லை. இதுவே மூன்றாம் படி. ஜப்பானியர் இதனைச் 'சுழிய நிலைப் புற்று' என்பர். சுவர் துளைபட்ட நாளே உண்மையான புற்றுநோயின் பிறந்தநாள்.

இப்படிகளைக் கடக்க எத்தனை காலம் ஆகிறது? இவ்வினாவுக்கு 2010இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வியப்பான விடை ஒன்றைத் தந்தனர். இந்நோயால் இறந்த எழுவரின் உடல்களை, இறந்த சில மணி நேரத்துக்குள் அறுத்து, கணையத்திலிருந்த கட்டியையும் கல்லீரல், நுரையீரல் முதலிய இடங்களிலிருந்த கிளைக் கட்டிகளையும் தனித்தனியே எடுத்தனர். ஒவ்வொன்றின் மரபணுப் பிறழ்ச்சிகளையும் எண்ணினர். மொழியறிஞர் ஓலைச்சுவடிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டு, எந்தப் படி எந்தப் படியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது என்று வகுப்பதை ஒத்தது இம்முறை. உயிரணு பிரியுந்தோறும் இத்தனை பிழைகள் சேரும் என்னும் அளவு தெரிந்தால், பிழைகளின் தொகையிலிருந்து காலத்தையும் கணிக்கலாம். முதற் பிறழ்ச்சி தோன்றிய நாள்முதல் புற்றின் முதல் உயிரணு பிறக்கக் குறைந்தது பத்தாண்டு. பிற உறுப்புக்களுக்குப் பரவும் ஆற்றலை அது பெற மேலும் ஐந்தாண்டாவது. அதன்பின் நோயாளி வாழ்ந்தது சராசரியாக ஈராண்டு.

மின்னல் என்று எண்ணப்பட்ட நோய்க்கு ஏறத்தாழ பதினேழு ஆண்டு வரலாறு உண்டு என்பது இதனால் தெரியவந்தது. கண்ணுக்குப் புலப்படுவது கடைசி ஈராண்டின் இறுதிப் பகுதி மட்டுமே.

இம்முடிவை எல்லோரும் அப்படியே ஏற்றனர் எனல் ஆகாது. 2016இல் தொராண்டோ ஆய்வாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட கட்டிகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தனர். அவற்றுள் பலவற்றில், நிறமூர்த்தம் ஒன்று சிதறி ஒழுங்கின்றி ஒட்டிக்கொண்ட அடையாளம் இருந்தது. அவ்வாறு நேருமாயின் பல காவல் மரபணுக்கள் ஒரே பொழுதில் கெட்டுவிடக்கூடும்; படிப்படியாக ஏற வேண்டுவதில்லை. இவ்விரு முடிவுகளும் முற்றிலும் முரண்பட்டவை என்று கொள்ளவேண்டியதில்லை. தொடக்கம் மெல்ல நடந்து, இறுதித் தாவல் சில நோயாளரிடம் திடீரென நிகழலாம். ஆயினும் ஆண்டுக்கொருமுறை சோதித்தும் சிலருக்கு இடையில் நோய் முற்றிவிடுவது ஏன் என்பதை விளக்க இக்கருத்து உதவுகிறது.

பரவும் வழிகள்

சுவரைத் துளைத்த புற்று முதலில் தன்னைச் சுற்றி ஒரு கோட்டையைக் கட்டிக்கொள்கிறது. அருகிலுள்ள நார் உயிரணுக்களைத் தூண்டி, வடுவைப்போன்ற கெட்டியான நார்ப்பொருளை உண்டாக்குகிறது. கட்டி என அறுத்தெடுக்கப்படுவதில் பெரும்பங்கு இந்நாரே. புற்றணுக்கள் அதனுள் ஆங்காங்கே புதைந்து கிடக்கும். நாரின் இறுக்கத்தால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. இரத்தத்தில் ஏற்றும் மருந்து உள்ளே சென்று சேர்வது கடினமாகிறது. நோயெதிர்ப்பு அணுக்களும் வெளியே நின்றுவிடுகின்றன.

கணையத்தைச் சுற்றிலும் திண்மையான உறை கிடையாது. எனவே புற்று எளிதில் வெளியே நீள்கிறது. நரம்புகளை ஒட்டி ஊர்ந்து செல்வது இப்புற்றுக்கே உரிய வழக்கம் எனலாம். பின்னாலுள்ள நரம்புப் பின்னலைப் பற்றும்போது, மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பாயும் நோவு உண்டாகிறது. படுத்தால் மிகும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். பலர் இதனை வாயுத் தொல்லை என்றும் முதுகுப் பிடிப்பு என்றும் எண்ணித் தைலம் தேய்த்து நாள் கடத்துகின்றனர். நிணநீர் வழியே அருகிலுள்ள கணுக்களுக்கும், குடலிலிருந்து செல்லும் இரத்த வழியே கல்லீரலுக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் புற்றணுக்கள் செல்கின்றன. வயிற்றறையின் உட்சவ்வில் விதைபோல் தூவப்படுவதும் உண்டு.

கட்டி எவ்வளவு பெரிதானபின் இப்பயணம் தொடங்குகிறது என்பதில் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. 2012இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் எலிகளின் கணைய உயிரணுக்களுக்கு ஒளிரும் அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தனர். கட்டி என்று சொல்லத்தக்க எதுவும் தோன்றுமுன்பே சில அணுக்கள் வரிசையைவிட்டு நழுவி இரத்தத்திலும் கல்லீரலிலும் காணப்பட்டன. அழற்சி மிகுந்த கணையத்தில் இவை மிகுதியாயின. எலியில் கண்டது மனிதனிடமும் அப்படியே நிகழும் என்று கூறிவிட முடியாது. இடம்பெயர்ந்த அணுவெல்லாம் முளைத்துவிடுவதும் இல்லை. எனினும் சிறு கட்டியை முழுதும் அறுத்தெடுத்த பின்னரும் சிலருக்கு நோய் மீள்வது ஏன் என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது.

புற்று எப்பகுதியில் தோன்றுகிறதோ அதைப் பொறுத்து அது வெளிப்படும் விதமும் மாறுகிறது. தலைப்பகுதியில் தோன்றினால், அவ்வழியே செல்லும் பித்தக் குழாயை நெருக்குகிறது. கண்ணும் தோலும் மஞ்சளாகும், சிறுநீர் கருக்கும், மலம் வெளுக்கும், உடம்பெங்கும் அரிப்பு எடுக்கும். நோவு இல்லாமலே மஞ்சட்காமாலை வருவதும், பித்தப்பை வீங்கிக் கைக்குத் தட்டுப்படுவதும் பித்தக்கல்லின் குறி ஆகா என்று சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் குர்வாசியே 1890இல் எழுதினார். இன்றும் மருத்துவ மாணவர்க்கு அது பாடம். காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கும் பழக்கம் தமிழரிடையே ஊறிப்போன ஒன்று. ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு நோவில்லாக் காமாலை வந்தால், அரைத்துக் குடித்துப் பார்க்கும் வாரங்கள் விலைமதிப்புள்ளவை. உடலிலும் வாலிலும் தோன்றும் புற்றுக்கு இத்தகைய எச்சரிக்கையும் இல்லை. அங்கே நெருக்குவதற்குக் குழாய் ஏதும் இல்லாமையால், கல்லீரலுக்குப் பரவிய பின்னரே அது பெரும்பாலும் வெளிப்படுகிறது.

எல்லோரையும் சோதித்தால் என்ன?

பதினேழு ஆண்டு வரலாறு உள்ள நோயாயின், மார்பகப் புற்றுக்கும் பெருங்குடற் புற்றுக்கும் செய்வதுபோல் எல்லோரையும் சோதித்துப் பிடித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானது. தடையாக நிற்பது வெறும் கணக்கு.

சி.ஏ. 19-9 என்னும் பொருள் இந்நோயாளர் பலரின் இரத்தத்தில் மிகுகிறது. பிலடெல்பியாவில் ஹிலாரி கோப்ரோவ்ஸ்கி குழுவினர் 1979இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழிகாட்டியது. ஆனால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரின் உடலில் அப்பொருளை ஆக்கும் திறனே பிறவியில் கிடையாது. அவர்களுக்கு நோய் முற்றினாலும் அது ஏறாது. பித்தக் குழாய் எக்காரணத்தால் அடைபட்டாலும் அது ஏறிவிடும். நோய் சிறிதாய் இருக்கும்போது பலருக்கு ஏறுவதில்லை.

இதைவிடச் சிறந்த சோதனை ஒன்று கையில் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். நோயுள்ள நூறு பேரில் 80 பேரை அது பிடிக்கட்டும். நோயில்லாத நூறு பேரில் 98 பேரைச் சரியாக விட்டுவிடட்டும். ஐம்பது வயதைக் கடந்த ஓர் இலட்சம் பேரை அழைத்துச் சோதிக்கிறோம். அவர்களுள் 50 பேருக்கு மறைவாக நோய் இருப்பதாகக் கொண்டால், சோதனை 40 பேரைச் சரியாகக் காட்டும். நோயில்லாதவருள் நூற்றுக்கு இருவரைத் தவறாகக் காட்டும். அத்தொகை ஏறத்தாழ 2,000. ஆக, ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்க ஐம்பது நலமுள்ளவர்கள் அஞ்சி நடுங்கி, மேற்சோதனைகளுக்கு ஆளாக வேண்டும்.

அம்மேற்சோதனைகளும் எளியவை ஆகா. அவற்றின் முடிவில் நிற்பது அறுவை. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தக் குழாயின் ஒரு பகுதி, பித்தப்பை ஆகியவற்றை எடுத்து, மிஞ்சியவற்றை மீண்டும் குடலோடு பொருத்தும் இம்முறையை நியூயார்க்கில் ஆலன் விப்பிள் 1935இல் வெளியிட்டார். நெடுங்காலம் இது உயிரைப் பணயம் வைக்கும் அறுவையாகவே இருந்தது. பழகிய கைகள் உள்ள பெரிய மருத்துவமனைகளில் இன்று அவ்வச்சம் வெகுவாகக் குறைந்துள்ளது. ஆயினும் நோயில்லாத ஒருவருக்குச் செய்யத்தக்க சிறு காரியமன்று. இவற்றையெல்லாம் எண்ணியே, அறிகுறி இல்லாத பொதுமக்களை இந்நோய்க்காகச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தடுப்பு மருத்துவ அறிவுரைக் குழு 2019இல் மீண்டும் உறுதிப்படுத்தியது.

சோதனையின் துல்லியம் உயர்ந்தால் கணக்கும் மாறும். 2023இல் சீன ஆய்வாளர்கள், வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்ட சாதாரண சி.டி. படங்களைக் கணினியைக் கொண்டு படிக்கச் செய்தனர். 20,530 பேரின் படங்களில், நோயில்லாதவரை ஆயிரத்துக்கு ஒருவர் அளவே அது தவறாகச் சுட்டியது. நோயுற்றோருள் நூற்றுக்கு 93 பேரளவில் பிடித்தது. புதிதாக எவரையும் அழைக்காமல், ஏற்கனவே எடுத்துவைத்த படத்தையே இன்னொரு முறை பார்ப்பது என்பது இதன் நயம். இவர்கள் மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தெருவில் நடந்து செல்வோரிடம் இம்முறை எவ்வாறு நிற்கும் என்பது வேறு செய்தி.

யாரைத் தேடுவது?

எனவே ஆய்வாளர்களின் முயற்சி, சோதிக்கத் தக்கவர் யார் என்பதை முதலில் சலித்தெடுப்பதில் திரும்பியது. பெற்றோர், உடன்பிறந்தாருள் இருவர்க்கோ மேற்பட்டோர்க்கோ இந்நோய் வந்த குடும்பத்தார். மார்பகப் புற்றோடு தொடர்புடைய 'பிராக்கா-2' முதலிய மரபணுக் குறைகளைச் சுமப்போர். நெடுநாள் கணைய அழற்சி உள்ளோர் ஆகியோர் ஒரு சாரார். புகைப்போர்க்கு இந்நோய் ஏறத்தாழ இருமடங்கு வருகிறது என்பதும் நெடுநாளாக அறிந்ததே.

கணைய அழற்சியைப் பற்றிய செய்தி தமிழ்நாட்டோடு நேரே தொடர்புடையது. கேரளத்திலும் தமிழகத்திலும், மது அருந்தாத இளைஞர்களுக்கும் கணையக் குழாயில் கற்கள் சேர்ந்து, வயிற்று நோவும் பின்னர் நீரிழிவும் உண்டாகும் நோய் ஒன்று காணப்படுகிறது. சென்னையில் இத்தகைய 185 பேரைச் சராசரியாக நாலரை ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1994இல் வெளியாயிற்று. இறந்த 24 பேரில் அறுவர் கணையப் புற்றால் இறந்திருந்தனர். மற்றவரோடு ஒப்பிட இவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு நூறு மடங்கு அளவுக்கு மிகுந்திருந்தது.

அவ்வாய்வில் முதல்வராய் நின்ற சுரேஷ் சாரி, பின்னர் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் வேறொரு கதவைத் தட்டினார். கணையப் புற்று கண்டவருள் பாதியளவினர்க்கு நீரிழிவும் இருப்பது பழைய செய்தி. நீரிழிவு புற்றை வரவழைத்ததா, புற்று நீரிழிவை வரவழைத்ததா என்பதே தெளிவில்லாதிருந்தது. இரண்டும் உண்மை என இன்று அறியப்படுகிறது. ஆனால் அண்மையில் வந்த நீரிழிவில் இரண்டாவது முதன்மையானது. கட்டியை அறுத்தெடுத்தபின் பலருக்கு அந்நீரிழிவு அகன்றதே சான்று. நோய் கண்டறியப்படுவதற்கு இரண்டரை, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இரத்தச் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. மிகச் சிறியதாய் இருக்கும் புற்று, தான் இருப்பதைத் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது என்றே கூறலாம்.

சாரி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு கண்ட 2,122 பேரில் 18 பேருக்கு மூன்றாண்டுக்குள் கணையப் புற்று வெளிப்பட்டது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எனினும் பொதுமக்களிடையே இருப்பதைவிடப் பன்மடங்கு. 2018இல் இச்சல்லடையை மேலும் நுணுக்கினர். வயது, ஓராண்டில் சர்க்கரை ஏறிய வேகம், உடல் எடையில் மாற்றம் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு, மிகுதியான எண் பெற்றவரைப் பிரித்தபோது, நூற்றுக்கு மூன்று நான்கு பேர் நோயுற்றோராய் இருந்தனர்.

இம்மூன்றில் எடையே கூர்ந்து நோக்கத்தக்கது. நடுவயதில் வழக்கமாக வரும் நீரிழிவு, உடல் பருத்துக்கொண்டே போகையில் வருவது. புற்றினால் வரும் நீரிழிவோ, உடல் மெலிந்துகொண்டே போகையில் வருகிறது. மலேசியாவில் 2019இல் எடுக்கப்பட்ட நாட்டு நல ஆய்வின்படி, வளர்ந்தோருள் நூற்றுக்கு 18 பேர்க்கு நீரிழிவு இருந்தது. இனிப்பு நீர் என்பது வீட்டுக்கு வீடு பேசப்படும் நோயாகிவிட்ட இடத்தில், அறுபது வயதில் ஒருவர்க்கு அது புதிதாக வந்தால் எவரும் வியப்பதில்லை. அவர் மெலிந்தால், 'சர்க்கரை இறக்கிவிட்டது' என்று காரணமும் உடனே கிடைத்துவிடுகிறது. பத்தியம் மாறாமல், மருந்தும் நடை பயிலலும் தொடங்குமுன்பே எடை குறைந்திருக்கிறதா என்று கேட்பதற்குச் செலவில்லை. குடும்பத்தில் எவருக்கும் நீரிழிவு இல்லாமல், குறுகிய காலத்தில் சர்க்கரை மளமளவென்று ஏறி, எடையும் இறங்கியிருந்தால், அவர் மருத்துவரிடம் கணையத்தைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. அத்தகையவருள்ளும் மிகப் பெரும்பாலோர்க்குப் புற்று இராது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

சலித்தெடுத்தவரை உற்று நோக்கினால் பயன் உண்டா? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1998 முதல் மரபுவழி ஆபத்து மிகுந்தோரை ஆண்டுதோறும் சோதித்து வந்தனர். 2022இல் வெளியிட்ட கணக்கில், ஏறத்தாழ 1,460 பேரைக் கொண்ட பிந்திய குழுவில், சோதனையின்போது கண்டறியப்பட்ட ஒன்பது புற்றுக்களில் ஏழு, முதல் நிலையிலேயே பிடிபட்டிருந்தன. மற்ற நோயாளரிடம் இது நேர்மாறு; அறுவைக்கு உரிய நிலையில் வருவோர் நூற்றுக்கு 15, 20 பேரே.

படங்களுக்கும் எல்லை உண்டு. அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், முன்பு பெருங்குடற் புற்றுக்கு மருத்துவம் பெற்றவர். ஆண்டுச் சோதனையின்போது 2009இல் அவருடைய கணையத்தில் ஒரு செண்டிமீட்டர் அளவுள்ள கட்டி சி.டி. படத்தில் தெரிந்தது. அறுத்தெடுத்துப் பார்த்தபோது அக்கட்டி தீங்கற்றது எனத் தெரிந்தது. ஆனால் எடுத்த பகுதியை முழுதும் ஆராய்ந்ததில், படத்தில் அகப்படாத இன்னும் சிறிய கட்டி ஒன்று இருந்தது. புற்று அதுவே. பார்த்தது ஒன்று, பிடிபட்டது மற்றொன்று. அவர் மேலும் பதினோராண்டு வாழ்ந்து, 2020இல் 87ஆம் வயதில் கணையப் புற்றின் விளைவாகவே காலமானார்.

ஓனோமிச்சி ஊரின் முயற்சி

ஜப்பானில் ஹிரோஷிமா மாநிலத்தைச் சேர்ந்த ஓனோமிச்சி, மலைச்சரிவில் அமைந்த சிறு துறைமுக நகரம். ஓசு இயக்கிய 'தோக்கியோ கதை' என்னும் 1953ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வரும் முதிய தம்பதியரின் ஊர் என்று திரைக்கலை அன்பர்கள் அதனை அறிவர். அவ்வூர் மருத்துவச் சங்கத்தாரும் பொது மருத்துவமனையின் கெய்ஜி ஹனாதா என்னும் மருத்துவரும் 2007இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினர். புதிய கருவி எதுவும் அதில் இல்லை. தெருமுனை மருத்துவர்கள் தம்மிடம் வழக்கமாக வருவோரில், குடும்ப வரலாறு, நீரிழிவு, நெடுநாள் கணைய அழற்சி, புகைத்தல் போன்றவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை உடையவரைக் குறித்துக்கொள்வர்; அவர்களுக்குக் கேளாஒலிப் படம் எடுப்பர். அதில் கட்டியைத் தேடுவதில்லை. கணையக் குழாய் வழக்கத்தைவிடச் சற்றே அகன்றிருக்கிறதா, சிறு நீர்க்கட்டி உண்டா என்று பார்ப்பர். இருந்தால் பொது மருத்துவமனைக்கு அனுப்புவர். அங்கே நுனியில் கேளாஒலிக் கருவி பொருத்திய உள்நோக்குக் குழாயை இரைப்பைக்குள் செலுத்தி, ஒரு சுவருக்கு அப்பால் இருக்கும் கணையத்தை அருகிலிருந்து பார்ப்பர்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, அப்பகுதியில் இந்நோய் கண்டு ஐந்தாண்டு வாழ்வோர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 20 ஆக உயர்ந்தது. அக்காலத்தில் ஜப்பான் முழுவதுக்கும் அத்தொகை பத்துக்குள் இருந்தது. முன்னதாகக் கண்டால் நாட்கள் நீண்டதுபோல் தோன்றும் கணக்கு மயக்கம் ஒன்று உண்டு. ஆதலின் எண் முழுவதையும் வெற்றியாகக் கொள்ள அறிஞர் தயங்குவர். ஆயினும் அறுவைக்கு உரியவராய் வந்தோர் தொகை கூடியது மயக்கமன்று.

சுழிய நிலையில் கண்டவரின் கதை இன்னும் வியப்பானது. ஜப்பானியப் பதிவேட்டின்படி அந்நிலையில் அறுவை பெற்றோருள் ஐந்தாண்டு கடந்தோர் நூற்றுக்கு 85க்கு மேல். 2018இல் வெளியான ஆய்வில் அந்நாட்டு மருத்துவர்கள், சுழிய நிலையிலும் முதல் நிலையிலும் பிடிபட்ட 200 பேரின் ஏடுகளைத் திரட்டினர். 51 பேர் சுழிய நிலையினர். 200 பேரில் நோவு முதலிய அறிகுறி ஏதேனும் இருந்தவர் நாலில் ஒருவரே. மற்றவர்கள் வேறு எதற்கோ படமெடுக்கச் சென்றவர்கள், அல்லது மேற்கூறியவாறு கண்காணிப்பில் இருந்தவர்கள். அவர்களிடம் பெரும்பாலும் காணப்பட்டது குழாயின் அகற்சிதான்.

சுழிய நிலையில் படத்தில் காட்டுவதற்குக் கட்டி இருப்பதில்லை. குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கும். அதற்கு மேற்பகுதி அகன்றிருக்கும். சுற்றியுள்ள சதை சற்று வற்றிக் கொழுப்பேறியிருக்கும். அதை உறுதி செய்ய, மெல்லிய குழல் ஒன்றை மூக்கின் வழியே செலுத்தி, இரைப்பையையும் குடலையும் கடந்து விர்சுங் கண்ட அக்குழாயினுள் நிறுத்துகின்றனர். நோயாளி ஓரிரு நாள் அக்குழலோடு இருக்க, சொட்டும் கணைய நீரை ஆறு முறை வரையில் தனித்தனியே சேர்த்து, அதில் உதிர்ந்துவரும் உயிரணுக்களை நுண்பெருக்கியில் தேடுகின்றனர். முதல் ஐந்து குப்பியிலும் ஒன்றும் இல்லாமல் ஆறாவதில் அகப்படுவதும் உண்டு.